நாற்பத்திரண்டாவது கொத்து

ஜூன் 3, செவ்வாய்

ஜெபசிங் இன்று ஒரு யானையைப் பிடித்துவிட்டான். தான் கண்டுபிடித்த கேலக்ஸிக் கொத்துக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது. வானத்தில் இருப்பவற்றுக்குச் செல்லப் பெயர் வைக்க ஆரம்பித்தால், அடுத்த வாரம் பத்திரிகைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று பொருள்.

எங்கள் வானியல் மையத்தின் கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்தோம். நாற்பது நிமிடம் பேசினான், அதில் பத்து நிமிடம் வண்ணப் படம். ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டிக்கொண்ட கொத்து. அதன் நடுவில் கொதிக்கும் வாயுவின் வெப்பத்தை வைத்து எடை போட்டிருக்கிறான். ஆயிரத்து எண்ணூறு லட்சம் கோடி சூரியன்களாம். அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு நானூற்று முப்பது கோடி வயதுதான். அந்த வயதில் எழுநூறு லட்சம் கோடியைத் தாண்டிய கொத்து வானம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு.

"ஆகவே தொடக்க காலப் பிரபஞ்சம் பற்றிய நமது மாதிரியை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம்" என்று முடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் பேனா இருந்தது.

வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

மறுபரிசீலனையாம். அறைச் சாவியை இந்த வருடத்தில் மூன்றாவது முறையாகத் தொலைத்துவிட்டு வாட்ச்மேனைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஜூன் 9, திங்கள்

இயக்குநர் அனந்தபத்மன் கூப்பிட்டார். நேராக விஷயத்துக்கு வராமல், என் உடல்நலம், அவருடைய மகளின் கனடா வாசம், மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை என்று சுற்றிக்கொண்டு வந்தார். ஆகஸ்டில் நம் மையத்தில் நடக்கும் கூட்டத்தில் ஜெபசிங் இதை அறிவிக்க விரும்புகிறானாம். அதற்கு முன்னால் வேறு ஒரு முறையில் எடையைச் சரிபார்க்க வேண்டுமாம். அதற்கு என்னைவிட்டால் ஆளில்லையாம்.

ஆளில்லை என்பது உண்மை. ஒரு கொத்துக்குப் பின்னால் வெகுதொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி, அந்தக் கொத்தின் ஈர்ப்பில் வளைந்து வருகிறது. அதனால் அவற்றின் உருவம் நீண்டு தெரிகிறது. எவ்வளவு நீள்கிறதோ, கொத்து அவ்வளவு கனம். அந்த நீட்சியை அளக்க நான் எழுதிய நிரல்தான் 'உரைகல்'. பதினேழு நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து நான் எடை போட்ட நாற்பத்தொரு கொத்துகளும் மாதிரியோடு ஒத்துப்போயின. அதைப் பற்றி 2012இல் வந்த என் கட்டுரையைப் படிக்காமல் இந்தத் துறையில் யாரும் முனைவர் பட்டம் வாங்க முடியாது.

வீட்டில் இவருக்குக் கண்புரை அறுவை முடிந்து இன்று நான்காம் நாள். நான்கு வேளை சொட்டு மருந்து. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் பொறியாளராக இருந்த மனிதர், ஒரு சொட்டுக்கு இந்தப் பாடுபடுகிறார். மருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் யானையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறந்த புதிதில் பிரபஞ்சம் எங்கும் பொருள் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருந்தது. ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்குதான். கொஞ்சம் கூடுதலாக இருந்த இடம் பக்கத்தில் இருந்ததை இழுத்துச் சேர்த்தது. சிறியவை முதலில் சேரும், பெரிய கொத்துகள் கடைசியில். இவ்வளவு சீக்கிரத்தில் ஒரு ராட்சதன் இருந்தால், தொடக்கத்து ஏற்றத்தாழ்வே நாம் நினைத்த மாதிரி இல்லை என்று ஆகும்.

"அப்போ நாலு வயசுப் பிள்ளைக்கு மீசை இருக்குன்னு அந்தத் தம்பி சொல்லுதான்" என்றார்.

"ஆமா. அது மீசை இல்ல, கரிதான்னு நான் தொடச்சுக் காட்டணும்."

"தொடச்சும் போகலன்னா?"

மருந்து விட்டபின் பத்து நிமிடம் பேசக் கூடாது என்றேன். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தொள்ளாயிரம் என்கிறது உரைகல். பிழை வரம்பு இருநூறு. இழுத்துப் பிடித்தால் மாதிரிக்குள் அடங்கிவிடும். யானை கன்றுக்குட்டியாகிவிட்டது.

ஜெபசிங்கை அறைக்கு வரச்சொல்லி, உட்காரச் சொல்லாமல், எண்ணைச் சொன்னேன். வாயுவின் வெப்பத்தை நம்பி எடை போடுகிறவன், காய்ச்சல்காரன் உடம்பைத் தொட்டுப் பார்த்து அவன் எத்தனை கிலோ என்று சொல்கிறவனைப் போல என்றும் சொன்னேன். இதைப் பேருந்தில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

அவன் கோபப்படவில்லை. என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், உரைகல் எத்தனை கேலக்ஸியை ஒதுக்கிச்சுன்னு ஒரு தடவை பார்க்கலாமா?"

பதின்மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கெட்டுப்போன உருவங்களை எந்த நிரலும் ஒதுக்கத்தான் செய்யும் என்று, அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் குரலில் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பணிவு சகிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

அவனே எண்ணிவிட்டான். கொத்தின் நடுப்பகுதியில் 1,140 கேலக்ஸிகளில் 380ஐ உரைகல் தள்ளியிருக்கிறதாம். ஒரு மரியாதையான மின்னஞ்சல், ஒரு அட்டவணை, "தவறாக இருந்தால் மன்னிக்கவும்".

என் நாற்பத்தொன்றில் சராசரியாக நூற்றுக்கு நான்குதான் தள்ளுபடி. இங்கே மூன்றில் ஒரு பங்கு. படங்கள் மட்டமானவை என்று பதில் போட்டேன். அந்தப் படங்களை இதே வாயால் நல்ல தரம் என்று இயக்குநரிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவனுக்கு அது தெரியாது.

ஜூலை 2, புதன்

நிலத்தடித் தொட்டி மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றே, "காயில் போயிருச்சுங்க" என்றான். திறந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தான். காயில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஒயர் கழன்றிருந்தது. திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களால்தான் இந்த நாடு இப்படி இருக்கிறது.

மதியம் ஒரு பத்திரிகைப் பெண் வந்தாள். பெருவெடிப்பு பொய்யாமே என்று கேட்டாள். கொத்து கனமாக இருந்தால் பெருவெடிப்பு பொய்யாகாது, அதற்குப் பிறகு பொருள் சேர்ந்த கதையைத்தான் திருத்த வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "அப்ப பொய்ன்னு போட்டுக்கலாமா மேடம்?" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெபசிங்கின் வாயை அடைப்பதற்காக மட்டுமே இன்று உரைகல்லின் நிரலைத் திறந்தேன். பல வருடமாக உள்ளே போனதில்லை. தள்ளுபடி செய்யும் வரியைத் தேடி எடுத்தேன். குறிப்பிட்ட அளவுக்குமேல் நீண்டு தெரியும் எதையும் குறையுள்ள உருவம் என்று எறிந்துவிடுகிறது. கேமராக் கோளாறு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பிம்பங்கள், இப்படிப்பட்டவற்றைக் களைய அன்று நானே வைத்த எல்லை.

வரிக்குப் பக்கத்தில் என் குறிப்பு ஒன்று: "என்.பி. எழுப்பிய ஐயம். பொருட்படுத்தத் தேவையில்லை. 14.9.2011."

என்.பி. என்றால் நசீமா பானு. உடுமலைப்பேட்டைப் பெண். என்னிடம் இரண்டு வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். கல்யாணம் என்று பாதியில் விட்டுப் போனாள். நம் பெண்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

எடை தெரிந்த போலிக் கொத்துகளைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி உரைகல்லிடம் கொடுத்தேன்.

300 கொடுத்தேன், 296 என்றது.
600க்கு 570.
1,200க்கு 830.
1,800க்கு 940.

கேலக்ஸிகள் அதிகமாக நீண்டிருப்பதற்குக் காரணம் கொத்தின் கனம். அதிகமாக நீண்டதை நான் குறை என்று எறிகிறேன். கனத்துக்கான சாட்சியைத்தான் எறிகிறேன். சின்னக் கொத்துகளில் இது தெரியாது. பெரியதை வைத்தால், எவ்வளவு வைத்தாலும் ஆயிரத்தைக் காட்டாத தராசு.

என் நாற்பத்தொன்றில் ஒன்றுகூட ஆயிரத்தைத் தாண்டவில்லை. அது வானத்தின் குணம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

மோட்டார் ஓடுகிறது. மருந்து இனி இரண்டு வேளை போதும் என்றார்கள்.

ஜூலை 19, சனி

காலையில் தோசை வார்க்கும்போது இவரிடம் பொதுவாகச் சொன்னேன், ஒரு பழைய மாணவி ஒருமுறை ஒரு சந்தேகம் கேட்டாள், அது சரியாக இருக்கக்கூடும் என்று. பெயர் சொல்லவில்லை. நசீமாவா என்று கேட்டார்.

ஒரு தடவைதான் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அன்று நான் உள்ளே தலைவலி என்று படுத்திருந்தேன். இவர்தான் காபி போட்டுக் கொடுத்தாராம். அது ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனாளாம். மேடம் எப்போது எழுந்திரிப்பார்கள் என்று இரண்டு தடவை கேட்டாளாம்.

"நீ முழிச்சுத்தான் கிடந்தே. ரேடியோ சத்தத்தை நீதான் கொறச்சே" என்றார்.

அவள் கருத்தரங்கில் ஏதோ கேட்டாள், நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பதில் சொன்னேன், அதற்கு மனம் கோணிக்கொண்டாள் என்றேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குத் தோல் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும் என்றேன். இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அறுவைக்குப் பிறகு குனியக் கூடாது என்று சொல்லியிருந்தும்.

ஜூலை 24, வியாழன்

பொள்ளாச்சி போய்வந்தேன்.

நசீமா அங்கே பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறாள். முதல் மாடி, ஆசிரியர் அறை, மேசைமேல் விடைத்தாள் கட்டுகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பிறகு, நிற்க வேண்டிய அவசியமில்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். கண்ணாடி போட்டிருக்கிறாள். இங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்தால், ஆராய்ச்சியில் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டாள் என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

கல்யாணம், குழந்தைகள் என்று விசாரித்தேன்.

"கல்யாணம் 2014லங்க மேடம். நான் அங்கிருந்து வந்தது 2011ல." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

அந்தப் பழைய ஐயத்தைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னேன். உரைகல்லில் வைத்த சோதனையை, எண்களை, யானையை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு விடைத்தாளைத் திருத்தி முடித்தாள். எனக்குச் செய்ய வேண்டிய அவமரியாதைதான். நன்றாகச் செய்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல என் பழைய நோட்டு வேணும்னு வந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நோட்டு" என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தாள். நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுப் பத்து வருடமாகிறதாம். ஆனால் ஒரு விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, தடங்கலே இல்லாமல், ஏழு வரியில் எழுதிக் கொடுத்தாள். அந்த ஏழு வரியை யாருக்கும் காட்டாமல் இத்தனை வருடம் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறாள் என்பது கையெழுத்தின் வேகத்திலேயே தெரிந்தது.

"எதையும் எறியாதீங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் அதுமேல இருக்கிற சந்தேகத்துக்குத் தக்க மதிப்புப் போடுங்க. சந்தேகம் அதிகம்னா கம்மியா எடுத்துக்கோங்க. ஆனா சபையில இருந்து வெளிய அனுப்பாதீங்க."

மணி அடித்தது. அடுத்த வகுப்பு என்று எழுந்து போனாள். டீ வரவழைத்திருந்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏழு வரியும் சரி. போலிக் கொத்துகளில் 1,800 கொடுத்தால் இப்போது 1,785 வருகிறது.

யானையின் எடை ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. பிழை வரம்பு இருநூறு.

ஆக ஜெபசிங்கும் தப்பு. அவன் கொத்து உண்மையில் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இரண்டு கொத்துகள். மோதலில் வாயு கூடுதலாகச் சூடேறி எடையை ஊதிக் காட்டியிருக்கிறது. இதைச் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை. அவனும் மகிழ்ச்சியைத்தான் காட்டினான், முட்டாள். பிறகுதான் உறைத்தது: 1,550 ஆனாலும் எழுநூறைப் போல இரண்டு பங்குக்கு மேல்.

நாற்பத்தொன்றையும் மறுபடி ஓட்டினேன். முப்பத்தைந்து அசையவில்லை. ஆறு ஏறிவிட்டன. அதில் இரண்டு, மாதிரி அனுமதிக்கும் எல்லையிலேயே நிற்கின்றன. ஒரு கொத்தை வைத்து மாதிரி உடைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒத்துப்போகிறது என்று இனி சொல்ல முடியாது. அதைச் சொல்லித்தான் இந்த அறையும் இந்த நாற்காலியும் வந்தன.

ஆகஸ்ட் 6, புதன்

அனந்தபத்மனிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக உடல்நலம் விசாரிக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் எனக்கு ஓய்வு. உரைகல் நம் மையத்தின் அடையாளம். ஆகஸ்ட் கூட்டத்தில் தொள்ளாயிரத்தையே சொல்லிவிட்டு, "மேலும் ஆய்வு தேவை" என்று ஒரு வரி சேர்க்கலாம், திருத்தத்தை அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் செய்துவிடலாம் என்பது அவர் யோசனை. ஜெபசிங் இன்னும் நிரந்தரமாகவில்லை, ஒன்றும் பேச மாட்டான் என்றார்.

"உங்க பேருக்காகத்தான் சொல்றேன், வேதநாயகி."

இந்த ஆளை எனக்கு இருபத்தாறு வருடமாகப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன யோசனை, ஜூலை 15 முதல் என் மண்டைக்குள் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தைகூட மாறவில்லை. அதை அவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு மட்டமானது என்று தெரிந்தது.

முடியாது என்றேன். காரணம் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டத்தில் அறுபது பேர். திரை வழியாக இன்னும் முப்பது, நாற்பது பேர். முதலில் ஜெபசிங் பேசினான், இந்த முறை இரண்டே வண்ணப் படங்கள். பிறகு நான்.

உரைகல்லில் பிழை இருக்கிறது, அது என்னுடைய பிழை, 2012 கட்டுரையின் ஆறு எடைகளைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பதினேழு நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரிய கொத்துகள் எல்லாவற்றையும் மறுபடி எடை போட வேண்டும் என்றேன். திரையில் ஒருவர் கேமராவை அணைத்துவிட்டார். அனந்தபத்மன் தன் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தேன். எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். ஆனால் இந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார். ஜெபசிங் என்னைப் பார்த்தான். அவனுக்குப் பெயர் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

2011 செப்டம்பரில் நசீமா பானு என்ற மாணவி இதே அறையில், அதோ அந்த மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று இதைக் கேட்டாள் என்றேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். இந்த நாட்குறிப்பில் இதுவரை எழுதாததை அறுபது பேர் முன்னால் சொல்லிவிட்டதால், இங்கேயும் எழுதிவிடலாம்:

"தமிழ் மீடியம் பி.எஸ்சி.யில இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க. தெரியலைன்னா கேளு. தெரிஞ்ச மாதிரி கேக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள் அன்றைக்கு. சிரிக்க வைத்ததில் எனக்குப் பெருமை. அடுத்த மாதம் அவளுடைய ஆண்டு அறிக்கையில் 'ஆராய்ச்சிக்குத் தேவையான முதிர்ச்சி இல்லை' என்று எழுதினேன். உதவித்தொகை நின்றது. கல்யாணக் கதை நான் கட்டிவிட்டது. பிறகு நானே நம்பினேன்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் ஜெபசிங் மட்டும் வந்து நின்றான். ஏதாவது ஆறுதல் சொன்னால் கடித்துக் குதறிவிடலாம் என்று காத்திருந்தேன். "பிழை வரம்பு இருநூறை இன்னும் குறைக்க முடியுமா மேடம்?" என்றான். இவன் தேறிவிடுவான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "காபி போடட்டுமா?" என்றார். குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நசீமாவுக்குக் கட்டுரையின் வரைவை அனுப்பினேன். ஆசிரியர் பட்டியலில் அவள் பெயர் முதலில். இரண்டாவது ஜெபசிங். மூன்றாவது நான். கூடவே மன்னிப்புக் கேட்டு நான்கு பத்தி எழுதினேன். நான்கும் ஏதோ ஓய்வூதிய விண்ணப்பம் போல இருந்தன. மூன்றை அழித்துவிட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பதில் இல்லை. அவள் எழுத வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. முருங்கைக்காய் சாம்பார்.

ஆகஸ்ட் 20, புதன்

பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெயர் முதலில் இருப்பதைப் பற்றியும் இல்லை. ஆறாம் பக்கத்தில் ஒரு குறியீடு தவறு என்று சுட்டியிருக்கிறாள். பார்த்தேன். தவறுதான். பதினொன்றாம் பக்கத்தில் என் வாக்கியம் ஒன்று தேவைக்கு மேல் நீளம் என்கிறாள். அதுவும் சரி.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். வானத்தின் பத்தில் ஒரு பங்கைத்தான் இதுவரை இந்த ஆழத்தில் துழாவியிருக்கிறோம். அதற்குள்ளேயே இப்படி ஒன்று அகப்பட்டது தற்செயலா, அல்லது மீதி ஒன்பது பங்கிலும் இவை இருந்து, நாம் எல்லோரும் அவற்றைக் குறை என்று தள்ளிக்கொண்டிருந்தோமா? தற்செயல் என்றால் மாதிரி பிழைக்கும். இல்லை என்றால் தொடக்க காலத்தைப் பற்றி நாம் சொன்னதில் எது மிஞ்சும்?

முழு நாளும் யோசித்தேன். ஜெபசிங்கிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று பதில் எழுதினேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவருக்கு இந்தச் சொல்லை நான் எழுதியதில்லை.

அடுத்த வரியில், மீதி வானத்தின் படங்கள் அக்டோபரில் வருகின்றன, வா, சேர்ந்து பார்க்கலாம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். 'வா' என்பதை அழித்துவிட்டு 'வாருங்கள்' என்று மாற்றி அனுப்பினேன்.